தானாக நின்ற சத்தம்

பத்தொன்பது வருஷம் ஒரு மனிதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நான் காலம் தள்ளியிருக்கிறேன். அவர் கண்டக்டர், நான் டிரைவர். நாற்பத்தேழாம் நம்பர் பஸ். கட்டிய மனைவியைவிட அவரோடுதான் அதிக நேரம் இருந்தேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் குத்திக்காட்டுவார்கள். இருந்து என்ன, ஓடுகிற வண்டியில் பேசவா முடியும்? எங்களுக்குள் பேச்செல்லாம் விசில்தான். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு. அந்த ஒன்று இரண்டுக்குள்ளேயே அவர் கோபமாக இருக்கிறாரா, சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தாரா, யாராவது கைக்குழந்தையோடு ஏறுகிறார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அவர் முகத்தைவிட அவர் சத்தம்தான் எனக்கு நெருக்கம்.

ஒரு கை மேல் கம்பியில், ஒரு கை டிக்கெட் கட்டில். விசிலுக்கு வாயைத் தவிர வேறு இடம் கிடையாது. மற்ற கண்டக்டர்கள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வேண்டும்போது எடுத்து ஊதுவார்கள். இவர் காலையில் இடது கடைவாயில் கவ்வினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் விடுவார். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது இன்னும் இறுக்கிக் கடிப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு விசில் பல் பட்டே நசுங்கிப் போகும்.

"கழுத்துல மாட்டிக்கோங்களேன், என்ன குறைஞ்சுபோகும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதைத் தேடி எடுத்து ஊதறதுக்குள்ள படியில நிக்கற ஆள் விழுந்துடுவான் டிரைவரே. வாயிலயே இருந்தா பட்டுன்னு ஊதிடலாம்" என்றார்.

ஊரில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் வாங்கித் தந்தது விசில் மட்டுமல்ல, குரலும்தான். விசிலைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு ஸ்டாப் பெயரைக் கூவுவார். "மணிக்கூண்டு... எறங்கறவங்க முன்னால வாங்க!" "ஆஸ்பத்திரி... எறங்கறவங்க முன்னால வாங்க!" எல்லா ஸ்டாப்புக்கும் ஒரே ராகம். தூங்கிக்கொண்டிருப்பவன் அலறியடித்து எழுந்து, தன் ஸ்டாப் இல்லையென்று தெரிந்து மறுபடி தூங்குவான்.

எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் தினமும் ஒரு அம்மா வருவார். பெரிய கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாதவர். மணிக்கூண்டில் இறங்கி, சுவரோரமாகவே நடந்து ஆபீஸ் போய்விடுவார். யாரும் கைபிடித்து விட அவருக்குப் பிடிக்காது. "உங்க கண்டக்டர் குரல் இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு துணையும் வேண்டாம் சார்" என்று என்னிடம் சொல்வார். அதைக் கண்டக்டரிடம் சொன்னால் அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

இன்னொரு வேலையும் நாங்கள் சேர்ந்தே செய்தோம். ஷிப்ட் முடிந்ததும் டெப்போவில் ஒரு நோட்டில் வண்டியின் குறைகளை டிரைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் நான் சொல்வேன், அவர் எழுதுவார். முத்து முத்தான எழுத்து. எனக்கு ஒரு கர்வம் உண்டு: வண்டியில் எந்த மூலையில் என்ன சத்தம் வந்தாலும் காது பிடித்துவிடும். இருக்கையின் ஆணி ஆடுகிறதா, கண்ணாடி ஆடுகிறதா என்று தனித்தனியாகச் சொல்வேன். "உங்களுக்கு ஆஸ்பத்திரியில வேலை கொடுத்திருக்கணும்" என்று கிண்டல் செய்தபடியே எழுதுவார்.

ஒரு தடவை பத்து நாளாக அடிப்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். தினமும் எழுதினோம், யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினோராம் நாள் சத்தம் தானாக நின்றுவிட்டது. ஃபோர்மேன் சிரித்தார். "பாத்தீங்களா, அதுவே சரியாயிடுச்சு. எடுத்துட்டுக் கிளம்புங்க."

நான் கிளம்பவில்லை. எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும், அன்றைக்கு நன்றாகவே வந்தது. "ரிப்பேர் பண்ணாம ஒரு சத்தம் எப்படிய்யா நிக்கும்?" என்று கத்திவிட்டு நோட்டை எடுக்கச் சொன்னேன். கண்டக்டர் எழுதினார்: 'சத்தம் நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை. வண்டியை எடுக்க முடியாது.' அடியில் படுத்துப் பார்த்தார்கள். சக்கரத்துக்கு வேகத்தைக் கொண்டுபோகும் நீளத் தண்டைத் தாங்கும் பட்டையில் ஒரு போல்ட் கழன்று எங்கேயோ விழுந்திருந்தது. அடுத்தது விழக் காத்திருந்தது. ஆடிக்கொண்டிருந்த போல்ட்தான் சத்தம் போட்டது. அது விழுந்ததும் சத்தம் போட ஆளில்லை. ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதம் டெப்போவில் நான் வைத்ததுதான் சட்டம்.

இவ்வளவு பெருமையோடு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே காதுதான், இதே புத்திதான், என் கண்டக்டர் விஷயத்தில் என்னைக் கைவிட்டது.

அவர் தாடையில் சத்தம் வர ஆரம்பித்தது நாங்கள் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்த எட்டாவது வருஷம். டெப்போவின் ஓய்வறையில் தகரக் கூரைக்கடியில் இரண்டு நீள பெஞ்சு, நடுவில் ஆடுகிற மேஜை. எதிரெதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். அவர் வாயைத் திறக்கும்போது ஒரு 'டக்'. மூடும்போது சின்னதாக இன்னொரு 'டக்'. டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் மெஷின் இருக்கிறதே, அதே சத்தம்.

"கண்டக்டரே, தாடையில பேரிங் போயிடுச்சு" என்றேன்.

"ஒரு சொட்டு ஆயில் விட்டா சரியாயிடும்" என்றார்.

பெஞ்சே குலுங்கச் சிரித்தோம். அன்றைக்கே அவருக்கு 'டக்கு' என்று பெயரும் வந்தது. வைத்த புண்ணியவான் நான்தான். பிறகு அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே அவர் பக்கத்தில் உட்கார வைத்து, "காதைக் கிட்ட வை" என்போம். அவரும் சளைக்காமல் திறந்து மூடிக் காட்டுவார். டக், டக். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வேடிக்கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையில் எழுந்ததும் பொட்டில் தலைவலி என்பார். காதில் குத்தல் என்று ஒரு காது டாக்டரைப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பிறகு பல்வலிதான் என்று அவரே முடிவு கட்டி, நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலி அப்படியே இருந்தது, பல்தான் போயிற்று. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்வார். வாய் திறக்கும்போது தாடை நேராக இறங்காமல் இடது பக்கமாக ஒரு வளைவு வளைந்து வரும். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

அவர் மனைவி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் வீட்டுக்குப் போனபோது சமையலறையிலிருந்து வந்து, "அண்ணே, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாரு. எனக்கே பயமா இருக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு, ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றார்.

"போய் என்னன்னு சொல்றது? வாயைத் திறந்தா சத்தம் வருதுன்னா? நர்ஸே சிரிச்சுடும்" என்றார் அவர்.

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். "விடும்மா, ஓடற வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றேன். அந்தத் தங்கச்சி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மழை நாள் மத்தியானம். பாதிச் சாப்பாட்டில் எனக்கு என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன கண்டக்டரே, சத்தத்தைக் காணோம்?"

"நின்னுடுச்சு டிரைவரே. ரெண்டு நாளாச்சு. தானா நின்னுடுச்சு."

நான் கைதட்டினேன். ஆமாம், தட்டினேன். மேஜையில் ஏறி நிற்காத குறை. "டக்குவுக்குக் குணமாயிடுச்சுப்பா!" என்று அறை முழுக்கக் கூவி, எல்லாருக்கும் என் செலவில் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். ஃபோர்மேனோடு மல்லுக்கு நின்ற அதே ஆள்தான். ரிப்பேர் செய்யாமல் ஒரு சத்தம் எப்படி நிற்கும் என்று கேட்ட அதே வாய்தான். ஒரு தகர டப்பாவுக்கு இருந்த அக்கறை அந்த மனிதருக்கு எனக்கு இல்லாமல் போனது. அவர் பிஸ்கட்டை டீயில் முக்கி, ஊற வைத்து, உடைத்து உடைத்து உதட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன். நாகரிகமாகச் சாப்பிடப் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டிபன் பாக்ஸில் குழைந்த சோறு வந்தது. பிறகு கஞ்சி வந்தது. ஆள் இளைத்தார். விசில் பழையபடியே இருந்தது, உதடு போதுமே அதற்கு. குரல்தான் மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. "தொண்டை கட்டியிருக்கு" என்றார். மூன்று மாதமா ஒருவருக்குத் தொண்டை கட்டும்? நான் கேட்கவில்லை. அவர் சமாளிக்க நினைத்தார், நான் சமாளிக்க விட்டேன். குரல் போனால் கண்டக்டர் வேலை போய்விடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஒரு காலை, வண்டியில் நல்ல கூட்டம். மணிக்கூண்டில் நிறுத்தினேன். பாதிப் பேர் இறங்கினார்கள், ஏறினார்கள், இரண்டு விசில் வந்தது, எடுத்தேன். அடுத்த ஸ்டாப்பும் தாண்டிய பிறகு பின்னாலிருந்து ஆபரேட்டர் அம்மா குரல் கேட்டது.

"டிரைவர் சார், மணிக்கூண்டு இன்னும் வரலையா? இன்னிக்கு நம்ம கண்டக்டர் லீவா?"

கண்ணாடியில் பார்த்தேன். அவர் அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டடி தூரம்கூட இருக்காது. அவர் முகம் போன போக்கை அன்றைக்குத்தான் கண்ணாடியில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன்.

விசில் அடிக்காமலே நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப்புற நடைபாதை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், மணிக்கூண்டு வரைக்கும் திரும்ப நடந்தே விட்டுவிட்டு வந்தார். அதுவரைக்கும் நாற்பது பேர் என்னைத் திட்டினார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது என்றார்கள், பஸ்ஸா மாட்டுவண்டியா என்றார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்ததும் பின்பக்கம் போகவில்லை. நேராக என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கத்தினேன் டிரைவரே. கத்தத்தான் செஞ்சேன். வாய் திறக்க மாட்டேங்குது."

இரண்டு விரலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுக் காட்டினார். இரண்டாவது விரல் முட்டி நின்றது.

அடுத்த நாள் இரண்டு பேரும் லீவு போட்டோம். பல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் தாடைக்கென்றே தனியாக ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. ஒரு அளவுகோலை முன்பற்களுக்கு நடுவில் நிறுத்தினார். "இருபத்திரண்டு மில்லிமீட்டர். நாற்பதுக்கு மேல இருக்கணும்" என்றார். காதுக்கு முன்னால் விரலை வைத்துத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். "இது எப்ப ஆரம்பிச்சது?" என்று அவரைக் கேட்டார்.

அவரால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன். குறை நோட்டுக்குச் சொல்லிப் பழகிய வாய். "கண்டக்டர் வேலை, நாள் பூரா இடது கடைவாயில விசிலைக் கடிச்சுட்டே இருப்பாரு. இடது பக்கம் டக்குன்னு சத்தம், பதினோரு வருஷம். திறக்கும்போது பெருசா, மூடும்போது சின்னதா. எட்டு வருஷமா காலையில தலைவலி. ஆறு வருஷம் முன்னாடி காது குத்தல். அதுக்கு அடுத்த வருஷம் ஒரு பல் எடுத்தாங்க. நாலு வருஷமா திறக்கும்போது இடது பக்கமா கோணுது. மழை ஆரம்பிச்ச மாசம் சத்தம் நின்னுடுச்சு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"டிரைவர்."

"இவ்வளவும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. ஏன் அப்பவே கூட்டிட்டு வரல?"

கண்டக்டர் தாடையைவிட என் தாடை கெட்டியாக மூடிக்கொண்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. இரண்டு கை முஷ்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக் காட்டினார். தாடை எலும்புக்கும் மண்டை எலும்புக்கும் நடுவில் இப்படி ஒரு மெத்தை இருக்கிறதாம். அது இடம் நழுவி, வாய் திறக்கும்போதெல்லாம் மறுபடி இடத்துக்கு வந்ததுதான் அந்த 'டக்'. "வெறும் சத்தம் மட்டும் இருந்தா நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வலி, தலைவலி, கோணல் எல்லாம் சேர்ந்து வந்தப்பவே வந்திருக்கணும். பல்லுல மாட்டிக்க ஒரு தட்டு, கொஞ்சம் பயிற்சி, விசிலைக் கடிக்கிற பழக்கத்தை விடறது. அதுலயே பெரும்பாலும் அடங்கியிருக்கும்."

"அப்ப சத்தம் நின்னது?" என்று கேட்டேன். பதில் எனக்கே தெரிந்துவிட்டது.

"நின்னதுன்னா மெத்தை திரும்பி வர்றதை நிறுத்திடுச்சுன்னு அர்த்தம். முன்னால போய் அடைச்சுக்கிச்சு. எலும்பும் எலும்பும் உரசித் தேஞ்சிருக்கு, ஸ்கேன் படத்துல பாருங்க."

படத்தில் ஒரு பக்கம் உருண்டையாக இருந்தது. மறுபக்கம் எலி கடித்ததுபோல் இருந்தது. நான் கைதட்டி டீ வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று அப்போது புரிந்தது. நடைவழியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "விடுங்க டிரைவரே, எனக்கே தெரியல" என்றார். சமாதானம் சொல்ல வேண்டிய ஆள் யார், சொன்ன ஆள் யார் பாருங்கள்.

வைத்தியம் நடந்தது. மூட்டுக்குள் ஊசி போட்டுக் கழுவினார்கள். ராத்திரிக்குப் பல்லில் மாட்ட ஒரு தட்டு செய்து கொடுத்தார்கள். தங்கச்சி வெந்நீர் ஒத்தடத்தையும் பயிற்சியையும் ஒரு நாள் விடவில்லை. வலி பெருமளவு குறைந்தது. அளவுகோலில் இருபத்திரண்டு முப்பது ஆனது. முப்பதோடு நின்றது. பேசலாம், மெதுவாக மென்று சாப்பிடலாம். கூவ முடியாது. டெப்போவில் அவரை பாஸ் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். ஆபரேட்டர் அம்மா மாதாமாதம் அந்த ஜன்னலுக்கு வருவார். முதல் தடவை என் கண்டக்டர் "கையெழுத்து இங்க" என்று சொன்னதுமே, அந்த அம்மா "அட, நீங்களா!" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குப் பழைய நெஞ்சு நிமிர்வு கொஞ்சம் வந்தது.

எனக்கு வேறு கண்டக்டர் வந்தார். நல்ல பையன், விசிலைக் கழுத்தில் போட்டுக்கொள்வான். ஆனால் நான்கு வருஷம், ரிட்டயர் ஆகிற வரைக்கும், மணிக்கூண்டு வந்தால் என் காது அந்தப் பழைய கூவலுக்குக் காத்திருந்தது. ஓய்வறையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே ஒரு 'டக்' வராதா என்று இருந்தது. எந்தச் சத்தம் அவரைக் கெடுத்ததோ அதற்கே ஏங்கினேன். இதை யாரிடம் சொல்ல?

இப்போது இரண்டு பேருமே ரிட்டயர் ஆகிவிட்டோம். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். மூன்றாவது மாடி. அவர் ஆப்பிளை ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிடுவார், நான் கடித்துச் சாப்பிடுவேன், வெட்கமாக இருக்கும். போன மாதம் படியேறிப் போய் உட்கார்ந்ததும் ஒரு நல்ல செய்தி சொன்னேன்.

"ஒரு வருஷமா இந்த இடது முழங்கால் மடக்கினா கடக் கடக்குன்னு சத்தம் போட்டுட்டு இருந்துச்சு. வலி வேற. இந்த வாரம் பாருங்க, சத்தமே இல்ல. தானா நின்னுடுச்சு!"

அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். வேறு ஏதோ பேசினார். எனக்குச் சத்தியமாக உறைக்கவில்லை. மனிதன் தன் விஷயத்தில் அவ்வளவு மந்தம்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் விசில் சத்தம். இரண்டு. பட்டுபட்டென்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல். கை தானாகக் கியரைத் தேடியது. வெளியே ஓடி வந்தால் அவர் நிற்கிறார். விசில் உதட்டு நுனியில் இருந்தது, பல்லில் படவே இல்லை. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதே முத்து முத்தான எழுத்து.

'இடது முழங்கால். சத்தம் நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை. வண்டியை எடுக்க முடியாது.'

"சட்டையை மாட்டுங்க" என்றார். மாட்டினேன்.

நாற்பத்தேழாம் நம்பரில்தான் போனோம். புது வண்டி, புது ஆட்கள், ஸ்டாப் பெயரை ஏதோ ஒரு மெஷின் சொல்கிறது. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பத்தொன்பது வருஷத்தில் அந்த வண்டியில் அப்படி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மெஷின் பேசுவதற்கு முன்பே என் காதுக்குப் பக்கத்தில், பழைய ராகத்தில், சின்னக் குரலில் அவர் சொன்னார்.

"ஆஸ்பத்திரி... எறங்கறவங்க முன்னால வாங்க."

நான் கம்பியைப் பிடித்து எழுந்தேன்.